காலிக் கவர் ஐந்து கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம்: சிக் ஷாம்பு பெட்டிக்கடையைப் பிடித்த விதம்

பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். வாங்க வருகிறவர் "அண்ணாச்சி, ஒரு ஷாம்பு குடுங்க" என்பார். அண்ணாச்சி கைக்கு எட்டிய சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். வாங்கியவர் எந்தக் கம்பெனி என்று திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். கைக்கு எட்டும் இடத்தில் எந்தச் சரம் தொங்கும் என்பதை முடிவு செய்வது கடைக்காரரின் மார்ஜினும் (ஒரு பாக்கெட் விற்றால் அவருக்கு நிற்கும் லாபம்), எந்த கம்பெனி எத்தனை நாள் கடன் கொடுக்கிறது என்பதும்தான். சரக்கின் தரத்துக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை.

1980களில் தமிழ்நாட்டில் சின்ன அளவில் ஷாம்பு தயாரித்த ஒருவர் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார். அதை அவர் தாண்டிய விதம் சிறுதொழில் செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டியது. சிக் ஷாம்பு கதையைப் பலரும் கேட்டிருப்பார்கள். "15,000 ரூபாயில் ஆரம்பித்து கோடிக்கணக்கில்" என்று மேடையில் சொல்லி, கைதட்டல் வாங்கி, அத்தோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த 15,000 ரூபாயில் பெரிய ஆர்வம் இல்லை. கடை வாசலில் நின்று "ஷாம்பு" என்று கேட்டவரை "சிக்" என்று கேட்க வைத்த ஒரு ஸ்கீமில்தான் ஆர்வம்.

முதலில் பின்னணி. கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் சின்ன பாக்கெட்டுகள் மேல் அசாத்திய நம்பிக்கை வைத்திருந்தவர். டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டும் விற்ற காலத்தில் அதைச் சின்னச் சின்ன அளவுகளில் அடைத்து விற்றுப் பார்த்தார். கூலி வேலை செய்கிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் வாங்கும்படி பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஷாம்பு மாதிரியான திரவத்தையும் அப்படிச் சின்ன பாக்கெட்டில் அடைக்கலாம் என்ற யோசனை அவருடையது. அவர் காலமான பிறகு மூத்த மகன்கள் அந்த யோசனையை வெல்வெட் ஷாம்பு என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நன்றாகவே ஓடியது.

இளைய மகன் சி.கே. ரங்கநாதன் கொஞ்ச காலம் குடும்பத் தொழிலில் இருந்தார். அண்ணன்களோடு கருத்து ஒத்துப்போகவில்லை, வெளியே வந்துவிட்டார். கையில் இருந்தது 15,000 ரூபாய். அண்ணன்களோடு போட்டி போட வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். ஆனால் கையில் பழகிய வேலை ஷாம்பு. வீடும் ஆபீசுமாக ஓர் இடத்தை மாதம் 250 ரூபாய்க்குப் பிடித்தார். தொழிற்கூடத்துக்கு இன்னோர் இடம், 300 ரூபாய் வாடகை. பாக்கெட் போட ஒரு மெஷின். 1983இல் சிக் இந்தியா என்ற பெயரில் தொழில் தொடங்கியது. அப்பா சின்னி கிருஷ்ணன் பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்ததுதான் அந்த 'சிக்'. முதல் மாதம் 20,000 பாக்கெட் விற்றது, இரண்டாவது மாதத்திலிருந்து லாபம் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் வெறுங்கையோடு வந்தவர் என்று சொல்வது பாதி உண்மை. எந்த பிளாஸ்டிக் ஃபிலிமில் அடைத்தால் ஒழுகாது, எந்த மெஷின் எவ்வளவு வேகத்தில் போடும், எந்தக் கடைக்காரர் எப்படிப் பேசுவார் என்பதையெல்லாம் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர். அந்த அறிவைப் பணமாகக் கணக்குப் போட்டால் 15,000 என்பது மொத்த முதலீட்டில் சின்னப் பங்குதான். இதை அவரைக் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. "நானும் 15,000 ரூபாயோடு இறங்குகிறேன்" என்று கிளம்புகிற தம்பிகளுக்காகச் சொல்கிறேன்.

அண்ணன்கள் கம்பெனியின் சரம் தொங்கும் அதே கடையில் தம்பியின் சரமும் தொங்கியது. இரண்டும் ஷாம்பு, இரண்டும் சின்ன பாக்கெட். முதலில் வந்தவருக்குப் பெயர் இருக்கிறது, விளம்பரத்துக்குப் பணமும் இருக்கிறது. பின்னால் வந்தவருடைய மாத விற்பனை 35,000 ரூபாய் அளவில் நின்றது.

இந்த நிலையில் இருக்கும் சின்ன முதலாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் விலையைக் குறைப்பார்கள், அல்லது கடைக்காரருக்கு மார்ஜினைக் கூட்டுவார்கள். இரண்டாவது வழி உடனே பலன் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைக்காரரின் கையைக் காசு கொடுத்து வாங்கினால், அதைவிடப் பத்து பைசா கூடக் கொடுக்கிறவர் வரும்வரைதான் அந்தக் கை நம்முடையது. பெரிய கம்பெனி எப்போது வேண்டுமானாலும் அந்தப் பத்து பைசாவைக் கொடுக்க முடியும்.

ஸ்கீம், முதல் கட்டம்

ரங்கநாதன் போட்ட ஸ்கீம் இது: எந்தக் கம்பெனி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஐந்து காலிக் கவர் கொண்டுவந்து கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இலவச சாம்பிள் மாதிரிதான் தெரியும். ஆனால் சாதாரண சாம்பிளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தெருவில் நின்று ஆயிரம் பாக்கெட்டை இலவசமாகக் கொடுத்தால், வாங்கிப்போகிறவர்களில் பாதிப் பேர் தலைக்குச் சோப்போ சீயக்காயோ போடுகிறவர்கள். இன்னும் சிலர் இலவசம் என்பதற்காகவே கை நீட்டுகிறவர்கள். ஐந்து காலிக் கவரோடு வருகிறவர் அப்படி இல்லை. அவர் வீட்டில் ஷாம்பு போடும் பழக்கம் இருக்கிறது, அதையும் பாக்கெட்டாகத்தான் வாங்குகிறார், காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். இவ்வளவுக்கும் ஆதாரம் அவர் கையில் இருக்கும் கவர்களே. இன்றைக்கு ஆன்லைன் விளம்பரத்தில் இப்படி ஆளைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். அன்று அந்த வேலையை ஐந்து குப்பைக் கவர்கள் செய்தன.

போட்டிக் கம்பெனி இத்தனை வருடம் விளம்பரம் செய்து ஜனங்களுக்கு ஷாம்பு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தச் செலவின் பலனையும் இந்த ஸ்கீம் அறுவடை செய்தது. வெல்வெட் அதிகமாக விற்ற தெருவில்தான் காலிக் கவர் அதிகமாகக் கிடைக்கும், அங்கேதான் சிக் சாம்பிளும் அதிகமாகப் போகும். எதிரியின் பலமான இடத்துக்குச் சரக்கு தானாகவே போய்ச் சேர்கிறது. மேப் போட்டு யாரும் திட்டமிட வேண்டியதில்லை.

இரண்டாம் கட்டம்

கொஞ்ச காலம் கழித்து விதியை மாற்றினார். எந்தக் கம்பெனி கவரும் செல்லும் என்பது போய், ஐந்து சிக் கவருக்கு மட்டும்தான் ஒரு சிக் இலவசம் என்று ஆனது.

என் கணிப்பில் இந்தக் கதையில் மிகப் புத்திசாலித்தனமான ஒரே நகர்வு இதுதான். முதல் கட்டத்தில் கடைக்கு வருகிறவர் எதை வாங்கினாலும் கவர் சேரும், அதனால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாம் கட்டத்தில் அவசியம் வந்துவிட்டது. அண்ணாச்சி வேறு சரத்தில் கை வைத்தால் "அது வேண்டாம், சிக் குடுங்க, கவர் சேர்க்கிறேன்" என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சொல்லாவிட்டால் நஷ்டம் வாங்குகிறவருக்கு. இப்படி ஒரு வீட்டில் நாலு முறை பெயர் சொல்லி வாங்கிவிட்டால் ஐந்தாவது முறை கவருக்காக இல்லாமலும் அந்தப் பெயர்தான் வாயில் வரும். பெயர் சொல்லிக் கேட்கிற சரக்கை இல்லை என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது. வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், போனவர் சும்மா போகாமல் பருப்பும் புளியும் அங்கேயே வாங்கிவிடுவார்.

மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது.

சரி, இதைக் கணக்காகவும் பார்ப்போம். கீழே வரும் எண்கள் சிக் கம்பெனியின் எண்கள் இல்லை, புரிவதற்காக நான் போட்டுக்கொண்டவை. பாக்கெட் விலை 1 ரூபாய், தயாரிப்பாளர் கைக்கு வருவது 70 பைசா, தயாரிப்புச் செலவு 40 பைசா என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விற்றால் வரவு 3.50, செலவு 2.00, மிச்சம் 1.50. இலவச பாக்கெட்டுக்கு 40 பைசா, கவரை எண்ணி வாங்கி வைக்கும் கடைக்காரருக்கு 10 பைசா போனால் 1 ரூபாய் நிற்கும். வாங்குகிறவர் பார்வையில் ஐந்து ரூபாய்க்கு ஆறு பாக்கெட், அதாவது ஒன்று சுமார் 83 பைசா.

இதே சலுகையை நேரடி விலைக் குறைப்பாகக் கொடுக்க முடியுமா? 83 பைசாவுக்கு யாரிடம் சில்லறை இருக்கிறது? பெட்டிக்கடை வியாபாரத்தில் விலை என்பது நாணயத்துக்கு நாணயம் தாவும், நடுவில் நிற்காது. காலிக் கவர் அந்த நடு விலையை உருவாக்கிக் கொடுத்தது. தவிர, குறைத்த விலையைத் திரும்ப ஏற்றினால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்கீமை நிறுத்தினால் "முடிஞ்சுபோச்சா, சரி" என்று விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று காலம். வாரம் ஒருமுறை தலைக்குக் குளிக்கும் ஒருவருக்கு ஐந்து கவர் சேர ஐந்து வாரம் ஆகும். வீட்டில் நாலு பெண்கள் இருந்தால் இரண்டாவது வாரத்திலேயே சேர்ந்துவிடும். அதுவரை கவர்கள் எங்கேயாவது ஜன்னல் திண்டில் கிடக்கும், கம்பெனி பெயரைக் காட்டிக்கொண்டு.

ஸ்கீமுக்கு வெளியே நடந்தவை

காலிக் கவர் ஸ்கீம் ஏற்கனவே ஷாம்பு போடுகிற வீடுகளைப் பிடிக்கும். ஷாம்பு என்றால் என்னவென்றே பழகாத கிராமத்தில் அது செல்லாது, அங்கே காலிக் கவரே கிடையாது. அதற்கு அவர்கள் செய்தது வேறு. கிராமத்தில் ஒரு பையனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கூடியிருந்தவர்களை முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். அப்புறம் ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, செயல்முறை விளக்கம் கொடுத்து, படம் முடிந்து போகிறவர்கள் கையில் இலவச பாக்கெட் கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் இப்படிப் படம் காட்டிய ஊர்களில் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியதாக ரங்கநாதன் சொல்லியிருக்கிறார்.

ஷாம்பு தெரிந்த தெருவுக்கு ஒரு வழி, தெரியாத ஊருக்கு இன்னொரு வழி. நம் ஆட்கள் பலர் ஒரே பிட் நோட்டீஸை அடித்து இரண்டு இடத்திலும் கொடுக்கிறார்கள். முன்பின் கேள்விப்படாத பொருளுக்கு "10% தள்ளுபடி" என்று போட்டு என்ன பயன்? பார்க்கிறவருக்கு அது எதற்கு என்றே தெரியாதபோது தள்ளுபடி யாருக்கு வேண்டும்?

அடுத்து மணம். மல்லிகை, ரோஜா என்ற இரண்டு மணங்களில் சிக் வந்தது. விற்பனை மாதம் 30 லட்சம் ரூபாயானது. தலையில் பூ வைக்கிற ஊரில் தலைமுடியில் மல்லிகை வாசனை வருவதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் அது எட்டும். முடி பளபளப்பு, மென்மை போன்றவற்றை நம்பச் சொல்லி விளம்பரம்தான் செய்ய வேண்டும், வாசனையை மூக்கே சொல்லிவிடும். இது என் வாசிப்பு, கம்பெனி இப்படித்தான் யோசித்தது என்று நான் சொல்ல வரவில்லை.

நடிகை அமலா விளம்பரத்துக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. மாத விற்பனை ஒரு கோடியைத் தொட்டது. 1992இல் தென்னிந்தியாவில் முதலிடம். அண்ணன்களின் வெல்வெட்டைத் தாண்ட ஒன்பது வருடம் ஆனது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெயர் சொல்லிக் கேட்க வைத்தார்கள், பிறகு பொருளில் ஒரு வித்தியாசம் செய்தார்கள், அதற்கும் பிறகுதான் பிரபலமான முகம். இன்று ஒரு சின்ன கம்பெனி பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறது. முதல் மாதமே இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் பின்தொடரும் ஒருவருக்குப் பணம் கொடுத்து ரீல் போடுகிறார்கள். ரீலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்குச் சரக்கு கிடைக்காது. கிடைத்தாலும் பெயர் ஞாபகம் இருக்காது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் இந்த ஆய்வில் வர வேண்டும். முதல் மூன்று வருடம் எந்த பேங்கும் கடன் கொடுக்கவில்லை. பிறகு கிடைத்த முதல் கடன் 25,000 ரூபாய். அடமானம் வைக்க எதுவும் இல்லாத அவருக்கு மேனேஜர் பரிந்துரை எழுதியதற்குச் சொன்ன காரணம் சுவாரசியமானது: மற்ற சிறுதொழில்கள் மாதிரி இல்லாமல் இந்தக் கம்பெனி வருமான வரி கட்டுகிறது. அந்தக் கடனைச் சரியாகச் சுழற்றி அடுத்தடுத்து பெரிய கடன்கள் வாங்கியிருக்கிறார்கள். கணக்கைக் காட்டினால் வரி போய்விடும் என்று பயந்து விற்பனையைக் குறைத்து எழுதுகிறவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்தால் போதும்.

பாக்கெட்டும் டிசைனும்

லேபிள், பாக்கெட் டிசைன் செய்து தருவது என் பிழைப்பு என்பதால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும்.

பெயர் சொல்லிக் கேட்க வைப்பதுதான் நோக்கம் என்று முடிவாகிவிட்டால், டிசைனில் பாதி விஷயம் தானாகவே முடிவாகிவிடும். முதலில் பெயர். வாயால் கேட்கப்பட வேண்டிய பெயர் சின்னதாக இருக்க வேண்டும், கடைக்காரர் காதில் ஒரே தடவையில் விழ வேண்டும். சாமி பெயர், பாட்டி பெயர், அதற்குப் பின்னால் 'ஹோம் ஃபுட் புராடக்ட்ஸ்' என்று மூன்று வரிக்குப் பெயர் வைத்தால், கடையில் போய் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். "அந்தப் பச்சைக் கலர் பாக்கெட்" என்றுதான் கேட்பார்கள். அடுத்த வாரமே இன்னொருவர் பச்சைக் கலரில் வந்துவிடுவார்.

பெயரை முடிவு செய்ததும் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பியுங்கள். தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய். மசாலாப் பொடிக்கு 30ஆம் வகுப்பு, ஷாம்பு, சோப்புக்கு 3ஆம் வகுப்பு. பத்தாயிரம் கவர் அச்சடித்த பிறகு அந்தப் பெயர் வேறொருவருடையது என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால் அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குக்கூடப் போகாது.

அப்புறம் அச்சு. பாக்கெட் ஃபிலிமில் கிரேவியர் முறையில் (டிசைன் செதுக்கிய உலோக சிலிண்டரால் அச்சடிப்பது) அச்சடிக்கும்போது ஒவ்வொரு கலருக்கும் தனி சிலிண்டர் வெட்ட வேண்டும். ஏழு கலர் என்றால் ஏழு சிலிண்டர். டிசைனில் ஒரு வரி மாற்றினால் அந்த வரி எந்தெந்தக் கலரில் இருக்கிறதோ அத்தனை சிலிண்டரையும் மறுபடி வெட்ட வேண்டும். ஆரம்பத்தில் மூன்று கலருக்குள் அடக்குங்கள் என்று நான் கெஞ்சுவதற்குக் காரணம் அழகுணர்ச்சி இல்லை, இந்தச் செலவுதான். சிலிண்டர் முறையில் குறைந்தபட்ச ஆர்டரும் பெரிதாக இருக்கும். மாதம் ஆயிரம் பாக்கெட் போடுகிறவர் கடையில் கிடைக்கும் வெறும் பவுச்சில் நல்ல ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். விற்பனை ஏறி, விலையும் எடையும் இனி மாறாது என்று தெரிந்த பிறகு, அச்சடித்த ஃபிலிம் ரோலுக்குப் போகலாம்.

ரோலில் ஒவ்வொரு பாக்கெட்டின் ஓரத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை ஐ மார்க் என்பார்கள். மெஷினில் இருக்கும் சென்சார் அதைப் பார்த்துத்தான் எங்கே சீல் செய்ய வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். அந்தக் கட்டத்தின் கலரும் பின்னணியின் கலரும் நெருக்கமாக இருந்தால் சென்சார் குழம்பும். வெட்டு தப்பான இடத்தில் விழுந்து, பாக்கெட்டின் தலையில் பெயரின் கால் பகுதியும் அடியில் முக்கால் பகுதியும் வரும். புதிதாக டிசைன் படித்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் கட்டம் அசிங்கமாக இருக்கிறது என்று மெல்லிய சாம்பல் கலர் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காலிக் கவர் ஸ்கீம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாக்கெட்டைப் பல்லால் கடித்தோ கையால் கிழித்தோ ஒரு மூலையைத்தான் திறப்பார்கள். பெயர் அந்த மூலையில் இருந்தால் திறந்தவுடன் கிழிந்துபோகும், மிஞ்சுவது பெயரில்லாத கவர். அதை வைத்து அண்ணாச்சி எப்படி எண்ணுவார்? பெயரை நடுவில் வையுங்கள். கிழிக்க வேண்டிய இடத்தை ஒரு வெட்டு போட்டுக் காட்டிவிடுங்கள். சரத்தில் தொங்கும்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் பெயர் முழுதாகத் தெரிகிறதா என்று மாதிரி அச்சைக் கடையில் தொங்கவிட்டே பாருங்கள், கம்ப்யூட்டர் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வெயில் படும் வாசலில் நின்று, கடைக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது பார்க்க வேண்டும்.

சட்டப்படி போட வேண்டிய விவரங்களை (எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், முகவரி, புகாருக்கான தொலைபேசி எண், உணவுப் பொருள் என்றால் அதற்குமேல் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், சேர்மானப் பட்டியல், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி) முதல் நாளே டிசைனரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசியில் கொடுத்தால் அவர் பெயரைச் சுருக்கித்தான் இவற்றுக்கு இடம் பிடிப்பார்.

இன்று ஒருவர் இதைச் செய்தால்

ராஜபாளையம் பக்கம் ஒருவர் இட்லிப் பொடி போடுகிறார் என்று கற்பனை செய்துகொள்வோம். 10 ரூபாய் பாக்கெட், நாற்பது கடைகளில் தொங்குகிறது. ஊரில் ஏற்கனவே இரண்டு மூன்று பேருடைய பொடி ஓடுகிறது. அவர் என்ன செய்யலாம்?

நாற்பது கடையிலும் ஒரே நாளில் ஸ்கீமைத் தொடங்கக் கூடாது. ஐந்து கடை போதும். முதலில் எந்தக் கம்பெனி பொடிக் கவராக இருந்தாலும் நாலு கொடுத்தால் ஒரு பாக்கெட். இதை ஒரு மாதத்துக்குமேல் இழுக்க வேண்டாம், ஏனென்றால் குப்பையில் பொறுக்கிய கவர்கள் வரத் தொடங்கும். கவரை வாங்கிக்கொண்டு கடைக்காரரே பாக்கெட்டை வேறு யாருக்காவது காசுக்கு விற்றுவிடுவதும் நடக்கலாம். வாங்கிய காலிக் கவரை எண்ணிக் காட்டினால்தான் மாற்றுச் சரக்கு என்ற ஏற்பாடு வேண்டும், வாங்கியதும் அவர் முன்னாலேயே கத்தரித்துவிட வேண்டும். கடைக்காரருக்குக் கவர் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. அதைக் கேட்காமலே செய்வார் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. அவர் கடையில் இடம் பிடித்து, அவர் நேரத்தைச் செலவழித்து, நம் விளம்பரத்தைச் செய்கிறார்.

இரண்டாம் மாதம் விதி மாற வேண்டும்: நம் கவர் மட்டும். போர்டை மாற்றி எழுதி வைத்தால் போதாது, கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல வேண்டும். பழைய விதியை நம்பிக் கவர் சேர்த்து வைத்தவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுக்காவிட்டால் திட்டு கடைக்காரருக்குத்தான் விழும், அவர் அந்தக் கோபத்தை நம் சரத்தின்மேல் காட்டுவார்.

காலிக் கவரை அப்படியே பின்பற்றுவதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. பல அடுக்கு ஃபிலிமில் செய்த சின்னப் பாக்கெட்டை மறுசுழற்சி செய்வது கஷ்டம். காவாய் அடைப்பதில் இதற்குப் பங்கு இருக்கிறது. 1980களில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று பேசாமல் இருக்க முடியாது. ஆனால் தெருவுக்குப் போக வேண்டிய கவரைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவர ஜனங்களுக்குக் காரணம் கொடுத்ததும் இதே ஸ்கீம்தான். இட்லிப் பொடிக்காரர் சேர்ந்த கவர்களைக் கத்தரித்து, ஊராட்சியின் பிளாஸ்டிக் சேகரிப்பில் ஒப்படைத்தால், போர்டில் அதையும் ஒரு வரி எழுதலாம். உண்மையிலேயே ஒப்படைத்தால் மட்டும்.

விலையைப் பற்றி ஒன்று. சிக் 50 பைசா பாக்கெட் கொண்டுவந்தது 1999இல். தொடங்கிப் பதினாறு வருடம் கழித்து, பெயர் ஊன்றிய பிறகு, கம்பெனி பெரிதாகி கெவின்கேர் என்று பெயர் மாறிய பிறகு. சின்ன நாணயத்துக்கு இறங்குவதற்கு உற்பத்தி அளவு வேண்டும், மெஷின் வேண்டும், ஃபிலிமை மொத்தமாக வாங்கும் பலம் வேண்டும். முதல் வருடத்திலேயே 10 ரூபாய் பாக்கெட்டை 5 ரூபாய்க்கு இறக்குகிற பொடிக்காரர் பின்னால் ஏறி வருவதற்கு வழி வைத்துக்கொள்வதில்லை.

ஸ்கீமை எப்போது நிறுத்துவது என்று கேட்பார்கள். கொடுத்த இலவசத்தின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஐந்து கடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். பொடி வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர் "இட்லிப் பொடி" என்கிறார்கள், எத்தனை பேர் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கீமுக்கு முன்னால் ஒருமுறை, விதி மாறியதும் ஒருமுறை, ஸ்கீமை நிறுத்தி ஒரு மாதம் கழித்து ஒருமுறை. மூன்றாவது எண்ணிக்கை இரண்டாவதற்குப் பக்கத்தில் நின்றால் மீதி முப்பத்தைந்து கடைக்கும் போகலாம். முதல் எண்ணிக்கைக்கே திரும்பிவிட்டால் இன்னொரு ஸ்கீம் யோசிக்காதீர்கள். கவர் சேர்த்த நாலு வீடுகளுக்குப் போய், பொடி எப்படி இருந்தது என்று கேளுங்கள்.